கொடிக்கும் உறக்கத்துக்கும் நடுவே

இருபத்தேழு.
ஒரே ஒரு பைட் வந்து நிற்கிறது.
யாரோ எஸ்கேப் விசையைத் தட்டினார்களா,
இல்லை, மேல்நோக்கும் அம்பு
தலையை மட்டும் உள்ளே நீட்டிவிட்டு
உடம்பை இழுத்துக்கொண்டு வருகிறதா?
என் எடிட்டர் இருபத்தைந்து மில்லிசெகண்ட் பார்க்கும்,
அப்புறம் எஸ்கேப்தான் என்று தீர்ப்பு எழுதிவிடும்.

த்ரோன்ஹெய்மில் அது தாராளம்.
வடக்கே ஒரு தீவில் தனியாகக் காற்றை அளக்கும்
தூர்கெய்ருக்கு அது போதவில்லை.
செயற்கைக்கோள்வரை ஏறி இறங்குவதற்குள்
அவருடைய அம்பு இரண்டாக முறிந்து,
வடமேற்குக் காற்றின் வேகத்துக்கு நடுவே
ஒரு சதுர அடைப்புக்குறி, ஓர் ஏ.
மேலே போ என்று சொன்ன மனிதரை
ஏ, ஏ என்று வரிக்கு வரி அதட்டியிருக்கிறது
நான் எழுதிய நிரல்.

நூற்றைம்பதாக்கினேன்.
"எஸ்கேப்பைத் தொட்டால் சேற்றில் கால் வைத்த மாதிரி இருக்கிறது"
என்றான் ஹால்வார்.
இருக்கட்டும்.

தூர்கெய்ரின் இரண்டாம் கடிதம் வேறு மாதிரி.
த்ரோம்ஸோவில் சர்வரை அணைத்து எழுப்பிய இரவில்
மூன்று மணி நேர அளவீடு காணோம்.

நம்பவில்லை நான்.
பதினைந்தாம் சிக்னல் வரும்: மூட்டையைக் கட்டு.
பத்து விநாடி கழித்து ஒன்பதாவது.
ஒன்பதுக்கு மனுவும் கிடையாது, மறுவிசாரணையும் கிடையாது.
அந்தப் பத்துக்குள் கோப்பைக் காப்பாற்ற
முறையாகத்தான் எழுதியிருந்தேன்.
சிக்னல் வந்த இடத்திலேயே எதையும் செய்யாதே;
பாதி ஒதுக்கிய நினைவகத்தில் கை வைத்தால்
எது எங்கே உடையுமென்று தெரியாது.
கொடியை ஏற்று. திரும்பு.
சுற்றி வரும்போது லூப் கொடியைப் பார்க்கும்,
ஏறவில்லையென்றால் அடுத்த விசைவரை தூங்கப் போகும்,
தூக்கத்தில் சிக்னல் தொட்டால் விழித்துக்கொள்ளும்.
இருநூறு முறை சோதித்தேன்.
இருநூறு முறையும் விழித்தது.

கதவில் தட்டல். கீழ்வீட்டு பொர்கில்.
"இங்வில், பனிவண்டி வருகிறது, காரை எடு."
"ஒரு நிமிஷம்."
கையைத் தூக்கினேன், கண்ணைத் தூக்கவில்லை.

ஜன்னலுக்கு வந்தபோது இருட்டியிருந்தது.
கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் குன்று,
அதன் உச்சியில் ரேடியோ கம்பி மட்டும்.

இடுப்பளவு பனியில், மண்வெட்டியோடு நிற்கையில்தான் உறைத்தது.
இன்றைக்கு வேறு வேலை உண்டா என்று
மனதுக்குள் ஒருமுறை பார்த்தாயிற்று. இல்லை.
வரிகளுக்குள் இன்னும் முங்கவில்லை.
அந்த மயிரிழையில் அவள் தட்டினாள்.
கொடி ஏறியது. பார்த்துவிட்ட கண் திரும்பிப் பார்க்கவில்லை.
முங்கினவளை எழுப்ப இன்னொரு தட்டலும் வரவில்லை.

அங்கேயும் அதேதான்.
பார்த்ததற்கும் தூங்கியதற்கும் நடுவே
நாலைந்து கட்டளை அகலத்தில் ஒரு சந்து.
பதினைந்து அதற்குள் விழுந்திருக்கிறது.
தூர்கெய்ர் காபி வைக்க எழுந்து போயிருக்கிறார்,
எந்த விசையும் இனி வராது,
கொடி பறக்கிறது,
எடிட்டர் தூங்குகிறது,
ஒன்பது, எட்டு, ஏழு.

குழாய் ஒன்று போட்டேன்.
சிக்னல் வந்தால் இந்த முனையில் ஒரு பைட்டைத் தள்ளும்,
அந்த முனையில், விசைப்பலகையோடு சேர்த்து,
லூப் காது வைத்திருக்கும்.
தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் ஓரெழுத்துக் கடிதம்.
முன்னால் வந்தாலென்ன, பின்னால் வந்தாலென்ன,
படுக்கப் போகிறபோது பாயில் குத்தும்.

"பதினோரு வரிக்கு ஒரு காரைப் புதைத்தாயா?"
ஹால்வார் சிரித்தான்.

பொர்கில் இப்போதெல்லாம் தட்டுவதில்லை.
கதவின் கடிதத் துவாரத்தில் சீட்டைப் போடுகிறாள்.
துவாரத்துக்கு நேர் கீழே
மேசையை நகர்த்திப் போட்டிருக்கிறேன்.
இன்று காலை விழுந்த சீட்டில்
ஏதோ ஒரு சாவி கட்டியிருந்தது.
அதன் கனம் ஒரு விசையைத் தட்ட,
திரையின் ஓரத்தில்
இருபத்தேழு.

சீட்டைப் பிரிக்கவில்லை.
மீதி வருகிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.